குறிப்பு நூல்களும் கல்வியும்

ஒரு நூலைக் கற்கப் புகுவோன் அந்நூலோடு மட்டும் அமைவதில்லை. அதற்கு உரை தேடுகின்றான். இது தமிழ் மரபுக்குப் புதியதொன்றன்று. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் பிறரும், திருக்குறளுக்குப் பரிமேலழகர் உள்ளிட்ட பதின்மரும் உரை வகுத்தமை கற்றோர் யாவரும் அறிந்ததே. இறையனார் களவியலுரையோ எழுத்தில் அமைவதற்கு முன் தலைமுறை பலவாக ஆசிரியர் வாயினின்று மாணவர் செவிக்கு வந்ததென்று அவ்வுரைதானே கூறுகின்றது. ஆகவே மூலநூலுக்கும் மாணவனுக்குமிடையே மூன்றாவது பொருளொன்று நிற்றல் குற்றமாகாது. அது வாயிலாக நிற்கின்றதோ மதிலாக நிற்கின்றதோ என்பதே ஆராயத்தக்கது.

இன்று மாணவர் கையில் மூலநூலினும் பாடநூலினும் மிகுதியாகக் காணப்படுவன ‘நோட்ஸ்’ என உலக வழக்கிற் கூறப்படும் குறிப்புகளேயாம். தமிழும் இந்து நாகரிகமும் வரலாறும் புவியியலும் பொருளியலும் ஒருபுறம், பௌதிகவியலும் இரசாயனவியலும் உயிரியலும் இணைந்த கணிதமும் மறுபுறம், எந்தப் பாடமும் இவற்றுக்கு விலக்கன்று. ஒருகாலத்தில் ரோணியோப் பொறியில் உருட்டி எடுக்கப்பட்டவை பின்னர்ப் போட்டோப் பிரதிகளாயின. இப்போது கைத்தொலைபேசியிலேயே வந்து சேர்கின்றன. இவைபற்றி ஆசிரியருலகில் இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. குறிப்புகள் மாணவனின் அறிவை மழுக்குவன, ஆதலால் முற்றாக விலக்கற்பாலன என்பர் ஒரு சாரார். பரீட்சை உள்ளளவும் குறிப்பும் உளதாகும். அதனை இகழ்தல் வீண்செயல் என்பர் மற்றொரு சாரார். இகழ்வோரும் புகழ்வோரும் ஒரு குறிப்பினை எடுத்து வரிவரியாக நோக்கியது மிக அருமை.

குறிப்பின்மீது முதலிற் சுமத்தப்படும் குற்றம் அது சுருக்கமாயிருத்தல் என்பதாகும். இக்குற்றச்சாட்டு நிலைபெறாது. சுருக்கமே குற்றமாயின் சூத்திரம் என்னும் யாப்பே குற்றமுடைத்தாதல் வேண்டும். சில எழுத்துகளிலே பல பொருளை அடக்கி, சிறிய கண்ணாடியிலே பெரிய உருவம் தோன்றுமாறு போல விளங்கச் செய்வதே சூத்திரம் என்று பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே இலக்கணங் கூறினார். அச்சூத்திரத்துக்கு வகுக்கப்படும் உரையையும் அவர் இருவகைப்படுத்தினார். கருத்தும் சொற்பொருளும் எடுத்துக்காட்டும் வினாவும் விடையுமாக அளவோடு அமைவது காண்டிகை. இன்றியமையாதன யாவும் சேர்த்து ஐயமற விரித்துரைப்பது விருத்தி. சங்கர நமச்சிவாயப் புலவர் நன்னூலுக்கு இயற்றி, சிவஞான முனிவர் திருத்தியமைத்தது விருத்தியுரை. அவ்விருத்தியை 1851 ஆம் ஆண்டில் அச்சேற்றிய யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரே, மாணவர்பொருட்டு அதே நூலுக்குக் காண்டிகையுரையும் செய்தார். விரிவான உரை ஒன்று கைவசம் இருக்கவும் சுருக்கமான உரையொன்றை எழுதுவது தம் புலமைக்கு இழுக்கென்று அவர் கருதினாரல்லர்.

எனவே வினா வேறொன்றாகின்றது. சுருக்கும்போது எது விடப்படுகின்றது? இவ்வினாவோடு குறிப்புகளைப் பாடம் பாடமாக நோக்கினால் ஒரே வகைக் குறைபாடு எல்லாவற்றிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல் காணலாம். பெருஞ்சொற்கள் யாவும் காக்கப்படுகின்றன; சிறு சொற்கள் உதிர்ந்து போகின்றன. தலைப்பும் கலைச்சொல்லும் எண்ணும் பெயரும் அப்படியே இருக்கும். வேற்றுமையுருபும் அடைமொழியும் நிபந்தனையும் இருக்கமாட்டா. அறிவு தங்கியிருப்பதோ பெரும்பாலும் அச்சிறு சொற்களிலேதான்.

இரசாயனவியலினின்று ஒன்று காட்டலாம். செறிந்த சல்பூரிக்கமிலத்தை ஐதாக்கும் முறைபற்றி ஒரு குறிப்பு இவ்வாறு அமைந்திருக்கலாம்: ‘செறிந்த அமிலம் + நீர், வெப்பம் வெளிவிடப்படும், கவனம் தேவை.’ இதிலே பொய் யாதுமில்லை. பரீட்சையில் இதனை எழுதுவோனுக்குச் சில புள்ளிகளும் கிடைக்கக்கூடும். ஆயின், எதனை எதில் இடுவது என்பது இக்குறிப்பிலே இல்லை. அமிலத்தை நீரிலே சிறிது சிறிதாகக் கலக்கியபடி இடுதல் வேண்டும். நீரை அமிலத்தில் இடின், அடர்த்தி குறைந்த நீர் மேலே நின்று, அங்கே பிறக்கும் பெருவெப்பத்தாற் கொதித்து, அமிலத்தோடு கூடித் தெறிக்கும். முகத்தையும் கண்ணையும் காப்பது இரண்டாம் வேற்றுமையுருபும் ஏழாம் வேற்றுமையுருபும் தத்தம் பெயரோடு நிற்றலேயாகும். அமிலத்தை நீரில் என்பதும் நீரை அமிலத்தில் என்பதும் ‘அமிலம் + நீர்’ என்னும் சுருக்கத்திலே ஒன்றாகிவிடுகின்றன. கூட்டற் குறிக்கு முன்பின் இல்லை, செயலுக்கு உண்டு. இலக்கணத்தில் வேற்றுமையியல் படிப்பது யாது பயன் கருதியென விஞ்ஞான மாணவர் சிலர் கேட்பதுண்டு. ஆய்வுகூட மேசையே அதற்கு விடை கூறும்.

பௌதிகவியலிலே தொடக்க வேகமும் ஆர்முடுகலும் நேரமும் தெரிந்தவிடத்து இடப்பெயர்ச்சியைக் காணும் சமன்பாட்டை மனனஞ் செய்யாத உயர்தர மாணவன் இலன். ஆர்முடுகல் சீராக இருக்கும்போது மட்டுமே அது பொருந்தும் என்னும் நிபந்தனையைக் குறிப்பு ஒன்று விட்டுவிடுமாயின், அதனைக் கற்றவன் சுருளிவில்லின் நுனியில் மேலுங் கீழும் அலையும் திணிவுக்கும் அதே சமன்பாட்டை இட்டு விடை காண்பான். அங்கே ஆர்முடுகல் கணந்தோறும் மாறுகின்றது. அவன் கணக்கிற் கூட்டற் பிழையோ பெருக்கற் பிழையோ இராது. வந்த விடைதான் பிழையாயிருக்கும். ‘சீரான’ என்ற ஓரடைமொழி அவனை ஏமாற்றியது.

புவியியற் குறிப்பு மானிப்பாய் மாணவனுக்கு இன்னும் அணித்தானது. ‘யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை, காரணம் சுண்ணாம்புக்கல்’ என்பது பலகாலம் எழுதப்பட்டும் ஒப்புவிக்கப்பட்டும் வரும் வாக்கியம். மானிப்பாயை அடுத்த நவாலி வழியாக மாரிகாலத்திலே ஓடி அராலிக் கடலிற் கலக்கும் வழுக்கையாற்றைத் தன் கண்ணாற் கண்ட மாணவனும், அதன் பாலத்தின் மேலாகச் சைக்கிளிற் சென்று வந்த மாணவனும், பரீட்சை மண்டபத்திலே ஆறில்லை என்றே எழுதுகின்றான். ‘வற்றாத’ என்னும் சொல் உதிர்ந்தமையின் விளைவு இது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லையென்பது உண்மை. வடகீழ்ப் பருவமழையை நம்பி ஓடும் ஆறு உண்டென்பதும் உண்மை. ‘காரணம் சுண்ணாம்புக்கல்’ என்பதும் அவ்வாறே பாதியில் நின்றுவிடுகின்றது. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளாலும் குழிகளாலும் உட்சென்று நிலத்தடியிலே தங்குதலும், அந்நன்னீர் தன்னினும் பாரமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்றலும், அதனை அளவிறந்து இறைத்தவிடத்து உவர் மேலேறுதலும் ஆகிய மூன்று படிகளும் கூறப்பட்டாலன்றோ காரணம் காரணமாகும்? புத்தூருக்கு அணித்தான நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருத்தலைக் காட்டி ஒரு பாடம் நடத்தின், அம்மாணவன் தன் வீட்டுக் கிணற்றையும் வேறு கண்ணோடு பார்ப்பான். இது பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்துக்கு எத்தனை மணி நேரம் நீரிறைக்கும் பொறியை ஓட்டலாம் என்பது குடாநாட்டின் வாழ்வோடு ஒட்டிய வினாவாகும்.

வரலாற்றுக் குறிப்புகளில் காரணம் ஐந்தும் விளைவு ஐந்துமாக வகுத்துரைக்கும் வழக்கம்பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. எல்லாப் புரட்சிக்கும் எல்லாப் போருக்கும் ஐந்தே காரணங்கள் அமைந்துவிடுதல் உலக வரலாற்றின் வியப்புகளுள் ஒன்றெனல் வேண்டும். உள்ளூர் வரலாற்றில் நேரும் மயக்கமே கவலைக்குரியது. ‘சங்கிலியன்’ என்று பெயரை மாத்திரம் தரும் குறிப்பிலே இரு மன்னர் ஒருவராகிவிடுகின்றனர். 1544 இல் மன்னாரிற் சமயம் மாறியோர் கொல்லப்பட்ட நிகழ்ச்சியோடும், 1560 இல் கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா நடத்திய படையெடுப்போடும் தொடர்புடையவன் முதலாம் சங்கிலி. 1617 இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, 1619 இல் போர்த்துக்கேயரிடம் இராச்சியத்தை இழந்து, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரணதண்டனை பெற்றவன் சங்கிலி குமாரன். இருவருக்குமிடையே அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட காலமும் வேறு அரசரும் உளர். ‘முதலாம்’ என்பதும் ‘குமாரன்’ என்பதும் இடத்தை அடைக்கும் வெற்றுச் சொற்களென்று கருதி விட்டவன், ஒருவனை நூறாண்டு வாழச் செய்துவிட்டான்.

இலக்கியப் பாடத்திலே சிறு சொல் மட்டுமன்றிக் காலமும் உதிர்ந்துபோகின்றது. கம்பராமாயணத்து அயோத்தியா காண்டம் பாடமாக அமையும்போது ‘பாத்திரப் பண்பு’ என்னுந் தலைப்பின்கீழ் மந்தரை சூழ்ச்சிக்காரி, கைகேயி கொடியவள் என இரண்டு வரி காணப்படும். கம்பர் காட்டிய கைகேயி, இராமனுக்கு முடிசூட்டுவிழா என்ற செய்தியைக் கூனி உரைத்தவுடன் உவகை பொங்கி அவளுக்கு மாலை பரிசளித்தவள். அத்தூய உள்ளம் எவ்வாறு படிப்படியாகத் திரிந்தது என்பதைக் காட்டவே புலவர் அத்துணைப் பாடல்களைச் செலவிட்டார். ‘கொடியவள்’ என்னும் முடிவை முதலிலேயே கொடுத்துவிட்ட குறிப்பு அத்திரிபைப் பறித்துக்கொள்கின்றது. கதையின் முடிபு மாணவனுக்குத் தெரியும். கவிதை அவனுக்குக் கிட்டவில்லை. இவ்விடத்திலே தமிழகத்துத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த ஐயம்பெருமாள் கோனார் உரைபற்றி ஒன்று கூறுதல் நேர்மையாகும். ‘கோனார் நோட்ஸ்’ என்பது தமிழகத்திலே குறிப்பு நூல் அனைத்துக்கும் பொதுப்பெயராகி, ஏளனத்துக்கும் உரியதாயிற்று. ஆயினும் பதம் பிரித்து, பொருள் கூறி, இலக்கணக் குறிப்புத் தந்து செல்லும் முறை பழைய காண்டிகையின் வழிவந்ததே. செய்யுளைக் கண்முன் வைத்துக்கொண்டு அவ்வுரையை நோக்குவோன் பயன் பெறுவான். செய்யுளை விட்டு அதை மட்டும் நோக்குவோன் பெறான். அக்குற்றத்தை உரைகாரர்மேல் ஏற்றுதல் முறையன்று.

குறிப்புகள் இத்துணைக் குறையுடையனவாயின் அவை எங்ஙனம் பெருகின? மாணவரின் சோம்பலே காரணமெனக் கூறிவிடுதல் எளிது. வரலாறு அதனை ஒப்பாது.

மானிப்பாயிலிருந்தே அவ்வரலாற்றைத் தொடங்கலாம். 58,500 சொற்களைக் கொண்டு 1842 இல் அமெரிக்க மிசன் அச்சகத்தின்வழி வெளிவந்த அகராதி இன்றும் மானிப்பாய் அகராதி என்றே வழங்குகின்றது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியும் மருத்துவக் கல்வியும் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்திற் கற்பித்ததோடு அமையாது தமிழிலும் கற்பிக்க முனைந்தார். அதற்கென அவர் செய்த முதற்காரியம் குறிப்பு எழுதுதலன்று; நூல்களை முழுமையாகப் பெயர்த்தலாகும். கற்றர் எழுதிய நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரில் 1857 இல் வந்தது. பின்னர் இரண வைத்தியம் 1867 இலும், கிறே எழுதிய பெருநூல் மனுஷ அங்காதிபாதம் என 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும் வெளிவந்தன. 1873 இல் அவர் அமெரிக்கா மீண்ட பின்னரும் மனுஷ சுகரணம் 1883 இல் வெளியாயிற்று. இவற்றோடு, கைகொண்டு செல்லும் ஏடு எனப் பொருள்படும் இலத்தீன் தலைப்பினையுடைய ஊப்பரின் கைந்நூலையும் வைத்தியாகரம் என்னும் பெயரில் அவர் தமிழாக்கினார். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் வைத்தியனுக்குச் சுருக்கமான கையேடும் வேண்டும் என்பதை அறிந்தே அவர் இதனைச் செய்தார் எனலாம். ஆனால் உடற்கூற்றின் பெருநூலைத் தமிழிற் கற்கக்கூடிய நிலையை உண்டாக்கிய அதே ஆண்டுகளிலேயே கையேட்டையும் தந்தார். பெருநூல் இருக்க அதனருகே கையேடு இருத்தல் வேறு; பெருநூல் இல்லாதவிடத்துக் கையேடு இருத்தல் வேறு. கிறீன் ஆண்ட கலைச்சொற்களுட் பல வடமொழிச் செறிவினால் இன்று வழக்கொழிந்தன. அது மொழிநடைபற்றிய குறை. கற்பித்தல் பற்றிய அவர் கொள்கையிலே குறை காணுதல் அரிது.

அம்முயற்சி தொடரவில்லை. 1870 இல் கொழும்பிலே தொடங்கிய வைத்தியப் பள்ளி ஆங்கில வழியே நடந்தது. உயர்கல்வி முழுதும் ஆங்கிலத்தின்பாற் சென்றது. 1910 இல் மானிப்பாயில் இந்துக் கல்லூரி தோன்றிய காலத்திலும் இலண்டன், கேம்பிரிட்ஜ் பரீட்சைகளே மாணவரின் இலக்காயிருந்தன. ஆசிரியர் முன்னிலையில் இருந்து கற்க இயலாத வெளிவாரி மாணவர் உலகெங்கும் பெருகவே, அவர்க்கென அஞ்சல்வழிப் பாடங்களும் குறிப்புகளும் தோன்றின. இங்கிலாந்திலே வில்லியம் பிரிக்ஸ் நிறுவிய அஞ்சல்வழிக் கல்லூரியிற் பாடம் எழுதிக் கற்பித்தோருள் பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ் ஒருவர். அவ்வழியே அவர் ஓர் உயிரியற் பாடநூலையும் 1893 இல் வெளியிட்டார். பகலிலே தொழில் புரிந்து இரவிலே கற்கும் வெளிவாரி மாணவனுக்கு, நூலகமும் விரிவுரையும் இல்லாத குறையைக் குறிப்பே ஓரளவு நிரப்பியது. இலங்கையின் பட்டதாரி ஆசிரியருட் பலர் இவ்வழியே பட்டம் பெற்றவராவர். குறிப்பினை இகழ்வோர் இதனை மறத்தல் கூடாது.

இலவசக் கல்வி 1945 இல் வந்தபின், தாய்மொழி வழிக் கல்வி கீழ்வகுப்புகளினின்று படிப்படியாக மேலேறிற்று. 1960 ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகக் கலைப்பிரிவையும் எட்டியது. வகுப்பு மேலேறிய விரைவுக்கு நூல்கள் மேலேறவில்லை. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளும் மொழிபெயர்ப்பு நூல்களும் வெளியிட்டதேனும் உயர்வகுப்புகளுக்கு அவை போதியனவாக இல்லை. அக்காலத்து ஆசிரியர் தாம் ஆங்கிலத்திற் கற்றதை இரவிலே தமிழாக்கி மறுநாட் கரும்பலகையில் எழுதினர். மாணவர் கொப்பியிற் பெயர்த்தெழுதினர். அக்கொப்பிகளே பாடநூல்களாயின. அவ்வாறு பிறந்த குறிப்புகள் நூலைக் கொன்றவையல்ல. நூல் பிறக்கும்வரை அதன் இடத்தில் நின்றவை.

தமிழகத்துத் துணைநூல்களைக் கொண்டு அவ்விடத்தை நிரப்ப முயன்றபோது மற்றொரு தொல்லை விளைந்தது. ஈழத்திலே அமுக்கம் எனப்படுவது தமிழகத்திலே அழுத்தம் எனப்படும். ஈழத்து மாணவனுக்கோ அழுத்தம் என்பது மின்னியலிற் பயிலும் வேறொரு கணியம். இங்கே ஆர்முடுகல், அங்கே முடுக்கம். இங்கே ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். இரு கரையிலும் ஒரே தமிழ் பேசுவோர் ஒரே விதியைப் படிக்கும்போது ஒருவர் குறிப்பு மற்றவருக்கு மயக்கந் தருமாயின், அதனைத் தீர்க்கவேண்டியவர் மாணவரல்லர்.

எழுபதுகளின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், ஒவ்வொரு புள்ளியையும் வாழ்வின் வினாவாக்கிற்று. தனியார் கல்வி நிலையங்கள் வேரூன்றியதும், ‘எதிர்பார்க்கும் வினா’ என்னும் வணிகப்பொருள் சந்தைக்கு வந்ததும் அச்சூழலிலேயாம். கற்க விரும்பியவன் வடிகட்டப்படுவோம் என்னும் அச்சத்தினாற் கற்றான். அச்சத்திற் கற்பவன் நிபந்தனைகளையும் அடைமொழிகளையும் நின்று நோக்கான்.

அதன்பின் வந்த காலம் இன்னும் கொடிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. தொண்ணூறுகளிலே குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் தாளும் அரும்பொருளாயின. ஜாம் போத்தலிலே பஞ்சுத்திரி இட்டு, துளி எண்ணெயில் எரித்த விளக்கொளியில் ஒருவர் குறிப்பை மற்றொருவர் பார்த்தெழுதினர். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது பலர் சைக்கிளிலே கொண்டு சென்றவற்றுட் குறிப்புக் கொப்பிகளும் இருந்தன. பாரமான நூல்கள் வீட்டில் நின்றன. அக்கொப்பிகளைக் கொண்டு மரநிழலிலும் கொட்டிலிலும் கற்று, பரீட்சை எழுதிச் சித்தியடைந்தோர் இன்று மருத்துவராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் உள்ளனர். நூலகத்து நிழலில் இருந்துகொண்டு குறிப்பினைப் பழிப்போர் இக்கொப்பிகளின்முன் சற்றே நாவடக்குதல் தகும்.

ஆயினும் அக்கொப்பிக்கும் இன்று கைத்தொலைபேசியில் வந்திறங்கும் குறிப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது மாணவன் தன் கையால் எழுதியது. மொழிபெயர்ப்பாயினும் பிரதியாயினும் ஒவ்வொரு சொல்லும் அவன் கைவழியே சென்றது. தாளுக்கு அஞ்சி எதனை விடலாம் எதனை விடலாகாது என்று அவனே தீர்க்கவேண்டியிருந்தது. அத்தீர்ப்புத்தான் கல்வி. பிறர் தீர்த்துக் கொடுத்த சுருக்கத்திலே அப்பயிற்சி இல்லை. விடப்பட்டது யாது என்பதே அவனுக்குத் தெரியாது. நன்னூலார் கற்றற் கணக்கொன்று கூறியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை எத்துணை நன்றாகக் கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கைகூடும். உடன்கற்போரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அக்கணக்கு. மிகச் சிறந்த குறிப்பும் ஆசிரியர் வாய்மொழியின் இடத்தில் நிற்பதேயன்றி அதனின் மேம்பட்டதாகாது. எனவே அது தரக்கூடியது கூடியபட்சம் முதற் காற்பங்கு. இன்றைய மாணவன் அக்காற்பங்கினைப் பல இடங்களில் விலைகொடுத்து வாங்குகின்றான். நான்கு ஆசிரியரிடம் நான்கு காற்பங்கு வாங்கினால் முழுமை ஆகுமென்று எண்ணுகின்றான். பெற்றோரும் அவ்வாறே எண்ணிப் பணஞ் செலவிடுகின்றனர்.

நல்ல குறிப்பு எவ்வாறிருக்கும் என்பதற்கு நாவலரிடமே மீண்டும் செல்லலாம். அவர் இலக்கணத்துக்கு இருவகை மாணவர் நூல் இயற்றினார். இலக்கண வினாவிடையிலே வினாவும் உண்டு, விடையும் உண்டு. அது தொடங்குவோனுக்கு உரியது. இலக்கணச் சுருக்கத்திலே உரைநடையில் விதிகளைக் கூறி, எடுத்துக்காட்டுத் தந்து, பகுதிதோறும் தேர்வு வினாக்களை வைத்தார்; அவற்றுக்கு விடை எழுதவில்லை. பெயர் சுருக்கமென்றிருப்பினும் விதிவிலக்குகள் அங்கே விடப்படவில்லை. ‘சில’, ‘சிறுபான்மை’, ‘உம்’ என்பன போன்ற சிறு சொற்கள் உரிய இடங்களில் நிற்கின்றன. சுருக்குதல் என்பதன் பொருளை அறிய விரும்பும் குறிப்பாசிரியர் எவரும், தம் பாடம் இரசாயனவியலாயினும் பொருளியலாயினும், அந்நூலின் சில பக்கங்களை நன்னூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. எதனை அவர் குறைத்தார், எதனைக் குறைக்க மறுத்தார் என்பது புலனாகும்.

விடை எழுதப்படாத அவ்வினாக்கள் ஆசிரியர்க்கும் ஒரு வழி காட்டுகின்றன. வகுப்பிலே குறிப்பு வழங்குதல் தவிர்க்க முடியாததாயின் வழங்குக. மறுநாள் அதனை மூடிவைக்கச் செய்து, ஒரு மாணவனை எழுப்பி, மற்றையோர்க்கு அப்பகுதியைத் தன் சொல்லால் விளக்குமாறு பணித்தல் பணச்செலவில்லாத காரியம். செறிந்த அமிலத்தை ஐதாக்குவது எங்ஙனமென அவன் கூறத் தொடங்குவான். எதனை எதில் என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்பான். சொல்வோன் நின்று தயங்குவான். அன்று மாலை அவன் கொப்பியிலே ‘அமிலம் + நீர்’ என்றிருந்த இடத்தில் கூட்டற் குறி வெட்டப்பட்டு, ஓர் ஐகாரமும் ஓர் இல்லும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.